நவீனப் படை மினியேச்சர் சேர்க்கலாமா? ஒரு டாங்கி கம்பெனி பெயிண்ட் அடித்துப் பார்த்த கணக்கு

சின்ன டாங்கி, சிப்பாய் பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடித்து, மேஜையில் பகடை உருட்டிப் போர் ஆடும் பொழுதுபோக்கு இது. எடுத்துக்கொண்ட களம் ஃபுல்டா இடைவெளி, 1985: கிழக்கு, மேற்கு ஜெர்மனிகளின் எல்லையில், சோவியத் படை புகுந்து வரும் என்று நேட்டோ எதிர்பார்த்த வழி. கிழக்கு ஜெர்மனிப் பக்கம் சோவியத்தின் 8ஆவது காவலர் படை. எதிரே அமெரிக்காவின் 5ஆவது கோர் (பெரும் படைப்பிரிவு), எல்லையோரம் 11ஆவது கவச கேவல்ரி ரெஜிமெண்ட். நடக்காத போர். நவீன காலத்தை ஆட வருகிறவர்கள் பலர் இங்கே வந்து நிற்க அதுவும் ஒரு காரணம். இன்றைய செய்தியில் ஓடும் போரை மேஜையில் வைத்துப் பகடை உருட்ட எல்லோருக்கும் மனம் வராது.

ஸ்கேலை முடிவு செய்யாமல் ஒரு டப்பா கூட வாங்க வேண்டாம். டி-80 டாங்கியின் உடல் நீளம் சுமார் 7 மீட்டர். 28 மி.மீ. உயரச் சிப்பாய்களோடு சேரும் 1/56 ஸ்கேலில் அது 12.5 செ.மீ.; 1/100இல் 7 செ.மீ.; 1/285இல் இரண்டரை செ.மீ. அதன் பீரங்கியோ 2 கி.மீ. தள்ளி அடிக்கும். அந்தத் தூரத்தை அதே விகிதத்தில் காட்ட 1/100க்கு 20 மீட்டர் மேஜை வேண்டும், 1/285க்கே 7 மீட்டர். வீட்டில் இருப்பது ஆறடிக்கு நாலடி. அதனால்தான் விதிநூல்கள் தரையைச் சுருக்குகின்றன. ஒரு அங்குலம் 100 மீட்டர் என்று வைத்தால் ஆறடி மேஜை 7.2 கி.மீ. ஆகிறது. தூரம் சரியாகிவிட்டது, ஆனால் 1/100 டாங்கி ஒன்றே கிட்டத்தட்ட 275 மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது. பத்தை இறக்கினால் கல்யாண மண்டப வாசலில் நிறுத்திய கார்கள் மாதிரி ஆகிவிடும். 1/285இல் ஒரு வண்டி ஏறக்குறைய ஒரு அங்குலம். அதை ஒரு பிளட்டூன், அதாவது மூன்று நாலு டாங்கி கொண்ட சிறு பிரிவு, என்று எண்ணி ஆடினால் கண்ணுக்கும் கணக்குக்கும் ஒத்துப்போகிறது.

28 மி.மீ. வேண்டவே வேண்டாம் என்பதில்லை. ஒரு தெரு, நாலு வீடு, பக்கத்துக்குப் பத்துப் பேர் என்றால் அதுதான் அழகு. அங்கே டாங்கி விருந்தாளி, அவ்வளவே.

அடுத்தது, எந்த வண்டி. ஃபுல்டா என்றதும் பலரும் டி-72 வாங்கிவிடுகிறார்கள், கடையில் எளிதில் கிடைப்பதால். கிழக்கு ஜெர்மனியில் இருந்த சோவியத் படைகளிடம் பெரும்பாலும் டி-64உம் டி-80உம்தான். டி-72 வைத்திருந்தது கிழக்கு ஜெர்மன், போலந்து, செக்கோஸ்லோவாக் படைகள் போன்றவை. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதானே என்று விடலாம். டி-64இன் சின்ன, மெல்லிய சக்கரங்களையும் டி-72இன் பெரிய சக்கரங்களையும் பார்த்துப் பழகிய எதிராளி விடமாட்டார்.

எண்ணிக்கை: சோவியத் டாங்கி ரெஜிமெண்டில் ஒரு கம்பெனிக்கு 10 டாங்கி, பட்டாலியனுக்கு 31. அமெரிக்காவின் எம்1 டாங்கி கம்பெனியில் 14. ஒரு வண்டியை ஒரு பிளட்டூன் என்று ஆடினால் சோவியத் பட்டாலியனே பத்து வண்டியில் முடிந்துவிடும். எனவே சோதனைக்குப் பத்து போதும். அந்தப் பத்தை முடிக்கும் முன்பே சலித்துவிட்டால், மீதியை வாங்காததே லாபம்.

வெள்ளீய வார்ப்பு என்றால் முதலில் சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். அச்சு எண்ணெய் ஒட்டியிருந்தால் பிரைமர் (அடிப்பூச்சு) உரிந்து வரும். பழைய வார்ப்புகளில் ஈயம் இருக்கலாம். அரம் போட்ட பிறகு கையைக் கழுவாமல் டீ கிளாஸைத் தொட வேண்டாம். ரெசின் பிரிண்ட் என்றால் தொல்லை வேறு இடத்தில். 125 மி.மீ. பீரங்கியின் துளையே 1/285இல் 0.44 மி.மீ.தான், வெளிச்சுற்றோடு சேர்த்தாலும் குழல் மிக மெல்லியது. உடலைத் தாண்டி 9 மி.மீ. நீட்டிக்கொண்டிருப்பதால், கை பட்டாலே ஒடியும். வெள்ளீயக் குழல் வளையும், நிமிர்த்திக்கொள்ளலாம். ரெசினில் ஒடிந்ததை ஒட்டவைக்கப் பாடுபடுவதை விட வெட்டி எறிந்துவிட்டு 0.6 மி.மீ. பித்தளைக் கம்பி வைப்பதே மேல். டரெட்டில் (டாங்கியின் சுழலும் மேற்பகுதி) ஊசித் துரப்பணத்தால் 2 மி.மீ. ஆழம் துளைத்து, சூப்பர் குளூ ஒரு சொட்டு. குழியில்லாமல் முட்டு ஒட்டாக ஒட்டினால் முதல் ஆட்டத்திலேயே விழும்.

ஐஸ்கிரீம் குச்சிக்கு ஐந்து வண்டி, இரட்டைப் பக்க டேப்பில். கருப்பு பிரைமர், அதன் மேல் பச்சை. சோவியத்துக்கு ஒரே பச்சை என்பது பெரிய நிம்மதி. டப்பாவில் இருக்கும் பச்சையை அப்படியே பூசினால் இவ்வளவு சின்ன வண்டியில் கருத்துப்போய்த் தெரியும். மூன்று பங்குக்கு ஒரு பங்கு மணல் நிறம் கலந்தால் சரியாக நிற்கிறது. பிறகு பழுப்பு வாஷ், அதாவது இடுக்குகளில் இறங்கும்படி நீர்த்த பெயிண்ட். வண்டி முழுக்க ஊற்றினால் தட்டையான முன்தகட்டில் குளம் கட்டி, காய்ந்ததும் விளிம்பில் கறை வளையம் விழும். சக்கரம், எஞ்சின் கிரில், டரெட் அடி ஆகிய இடங்களுக்கு மட்டும் போதும். டிரைபிரஷ் (கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷால் மேடுகளில் மட்டும் நிறம் தேய்ப்பது) கடைசியில், பிரஷைத் துணியில் தேய்த்துத் தேய்த்து, நிறமே வரவில்லை என்று தோன்றும்போதுதான் வண்டி மேல் வைக்க வேண்டும்.

அமெரிக்க, மேற்கு ஜெர்மன் பக்கம் ஆண்டைப் பார்த்தே வேலை. பச்சை, பழுப்பு, கருப்பு என்ற நேட்டோ மூவண்ணம் 1980களின் நடுவில்தான் பரவியது. 1985க்கு எம்1ஐத் தனிப் பச்சையில் விட்டாலும் தப்பில்லை, மேற்கு ஜெர்மனியின் லெப்பர்ட் டாங்கியை ஆர்ஏஎல் 6014 என்ற நிற எண்ணின் மஞ்சள்-ஆலிவில் விட்டாலும் தப்பில்லை. நேரமும் மிச்சம். ஜெர்மன் காலாட்படைக்குப் புள்ளிபுள்ளியான ஃப்ளெக்டார்ன் சீருடை பூசுவதுதான் உண்மையான பிழை; அது படை முழுக்கப் போனது 1990ஐ ஒட்டி. 1985இல் வெறும் ஆலிவ்.

மேட் வார்னிஷ் ஸ்ப்ரேயை மழை ஈரத்தில் அடித்தால் வெள்ளை படரும். சென்னை ஐப்பசியில் இது கட்டாயம் நடக்கும். படர்ந்துவிட்டால் கிளாஸ் வார்னிஷைப் பிரஷால் மெல்லப் பூசி, காய்ந்ததும், வெயில் நாள் பார்த்து மறுபடி மேட். பெரும்பாலும் தெளிந்துவிடும்.

அடுத்து பிஎம்பி-2, சோவியத் காலாட்படையை ஏற்றிச் செல்லும் கவச வண்டிகள். அவற்றுக்குப் பேஸ் (வண்டியை ஒட்டி நிறுத்தும் அடித்தட்டு) வாங்கும் முன் விதிநூலில் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டிய பேஸைப் பெயர்ப்பதில் முதலில் போவது அந்த மெல்லிய 30 மி.மீ. குழல்தான்.