சாய்ந்த வெயிலில் கீழவளவு

மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டாரக் குன்றுகளைப் படமெடுக்கப் போகிறவர்கள் உச்சிவெயிலைத் தவிர்ப்பது நல்லது. அந்த நேரத்தில் கீழவளவின் பஞ்சபாண்டவர் மலை வெறும் மொட்டைப் பாறையாகத்தான் படத்தில் விழும். காலையிலோ மாலையிலோ வெயில் பாறைமேல் படுக்கைவாட்டில் விழும்போதுதான், சமணத் துறவியருக்காக வெட்டிய கற்படுக்கைகளின் விளிம்பும், தலைமாட்டில் தலையணைக்கென்று விட்டிருக்கும் மேடும், உளி கொத்திய சிறு குழிகளும் தத்தம் நிழலோடு எழுந்து வருகின்றன. (பாண்டவர்களுக்கும் இந்த மலைக்கும் தொடர்பில்லை, எங்கே கற்படுக்கையைக் கண்டாலும் அவர்களைக் கொண்டுவந்து படுக்கவைப்பது நம் ஊர் வழக்கம்.)

இங்குள்ள தமிழி (தமிழ் பிராமி எழுத்து) கல்வெட்டு கிறித்துவுக்கு முற்பட்டது. தொண்டியைச் சேர்ந்த ஒருவர் இந்தப் பள்ளியை, அதாவது துறவியர் உறைவிடத்தை, கொடுத்தார் என்பதே செய்தி. எழுத்துகள் தலைகீழாக, வலமிருந்து இடமாக ஓடுகின்றன. அண்ணாந்து பார்த்தபடி அவற்றைத் தனியாகப் படமெடுப்பது ஆவணத்துக்கு உதவும். ஆனால் அந்த ஈகை எத்தகைய நிலத்தில் நடந்தது என்பதைக் காட்ட வேண்டுமானால், பின்னால் தள்ளி நின்று பாறையையும் அடிவாரத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

அப்படித் தள்ளி நின்றால் கிரானைட்டுக்காக அறுக்கப்பட்ட பாறைகளும் சட்டகத்துக்குள் வந்துவிடும். பலர் கோணத்தை மாற்றி அவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. துளைக்கருவி இறங்கிய இடங்களில், பிளந்த முகத்தில், ஒரே இடைவெளியில் செங்குத்தாக நிற்கும் அரைவட்டத் தடங்களும் மனிதர் விட்டுச்சென்றவைதானே? உளித்தடம் கைக்குக் கை மாறுகிறது, துளைத்தடம் மாறுவதில்லை. இரண்டும் ஒரே படத்தில் இருந்தால்தான் இந்தக் குன்றின் வரலாறு முழுமையாகும். படுக்கைமேல் பெயிண்டால் பெயர் எழுதியவர்களை மட்டும் மன்னிக்க மனம் வரவில்லை என்றாலும், அவற்றையும் நான் கணினியில் அழிப்பதில்லை.

அருகிலுள்ள அரிட்டாபட்டியில் நிலைமை வேறு. 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விடப்பட்ட ஏலம், மக்கள் எதிர்ப்பால் 2025 ஜனவரியில் ரத்தானது. குடைவரைச் சிவன் கோயிலும் தீர்த்தங்கரர் சிற்பமும் தமிழிக் கல்வெட்டும் உள்ள அந்த மலைகளுக்குக் கீழே கண்மாய்கள் விரிந்து கிடக்கின்றன. அங்கே எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் குகையை வரலாறு என்றும் கண்மாயை இயற்கை என்றும் பிரித்துச் சொன்னார்கள். கண்மாய்க்கரையும் மடையும் மனிதர் கட்டியவை என்பதால், அடுத்த முறை கரையை முன்னால் வைத்து, மலையைப் பின்னால் தள்ளி எடுத்தேன்.