லெந்து நாட்கள், 2025

மார்ச் 6, வியாழன்

அடித்துவிட்டேன். நேற்றுத்தான் சாம்பல் புதன், லெந்து தவக்காலம் தொடங்கின நாள்.

மார்ச் 7, வெள்ளி

பெரியவன் காலையில் கை நீண்ட ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். ஒன்பது மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கிற மாசம். எதற்கு ஸ்வெட்டர் என்று நான் கேட்கவில்லை.

நேற்று அவன் பைக்குள் 4,500 ரூபாய் இருந்தது. டியூஷன் என்று சொல்லிவிட்டு ஐந்து சனிக்கிழமை மரக்கறித் தோட்டத்தில் லீக்ஸ் மூட்டை தூக்கியிருக்கிறான். பொய் சொன்னது தப்புத்தான். அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நான் நிலைக்கு மேலிருந்த கொய்யாக் கம்பை எடுத்தபோது பொய்யை நினைத்து எடுக்கவில்லை. லயத்து வரிசையில் அடுத்த வீட்டுக் காம்பராவில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்களே, ஞாயிறு பள்ளி டீச்சர் மகன் இப்படியா என்று பேசுவார்களே, அதை நினைத்துத்தான் எடுத்தேன். நான்கு அடி. நான்காவது அடி விழும்போது அவன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை.

அம்மாயி வாசலில் நின்று, "விடு டீச்சரு, அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றார். அணைக்கவில்லை. போய் அரிசி கழுவினேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிறு பள்ளியில் இன்றைய பாடம் ஏலியும் அவன் குமாரரும். வருஷ அட்டவணை யார் போட்டதோ, இந்த வாரத்துக்கென்று இதுதான் வந்து விழ வேண்டுமா. பிள்ளைகளை அடக்காமல் விட்டதற்காக ஏலியின் வீட்டுக்கு என்ன நடந்தது என்று பதினோரு பிள்ளைகளுக்குச் சொன்னேன். சொல்லும்போதே பக்கத்து வசனம் கண்ணில் பட்டது. அன்னாள் வருஷந்தோறும் சாமுவேலுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போவாள். வருஷத்துக்கு ஒரு தரம் பார்க்கிற பிள்ளை. அளவு எப்படித் தெரிந்தது அவளுக்கு?

ஆராதனை முடிந்து போதகர் கூப்பிட்டார். பெரியவன் அவரிடம் போய், சபையில் முழு அங்கமாகச் சேர்க்கிற திடப்படுத்தல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். மரியாதையாகத்தான் சொன்னானாம். திடப்படுத்தல் நடக்கிற குருத்தோலை ஞாயிறுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, அவசரப்படாதீர்கள் என்றார்.

மார்ச் 10, திங்கள்

இரவு குடும்ப ஜெபத்துக்கு உட்காருகிறான். பைபிளைக் கொடுத்தால் வாசிக்கிறான். ஆமென் மட்டும் சொல்வதில்லை.

மார்ச் 13, வியாழன்

மெதடிஸ்ட் சபைக்கு வழிபோட்ட ஜோன் வெஸ்லியின் அம்மா சூசன்னா வெஸ்லியைப் பற்றி மாதர் சங்கத்தில் நானே ஒரு முறை பேசியிருக்கிறேன். 19 பிள்ளை பெற்றவர். பாதிக்குக் கிட்ட சின்னதிலேயே இறந்துபோயின. வீட்டு வேலை, கடன், கணவரோடு மனத்தாங்கல், இத்தனைக்கும் நடுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிழமையில் ஒரு மாலையை ஒதுக்கி, தனியாகக் கூட்டிவைத்துப் பேசுவார். ஜோனுக்கு வியாழக்கிழமை. ஜோன் வளர்ந்து பெரிய ஆளான பிறகும் அந்த வியாழக்கிழமை நேரத்தில் தன்னை நினைத்துக்கொள்ளும்படி அம்மாவுக்கு எழுதினார்.

இதைத்தான் நான் பேசினேன், எல்லாரும் கண் கலங்கினார்கள். அதே அம்மா 1732ல் எழுதிய கடிதத்தில் வேறொன்றும் இருக்கிறது: பிள்ளைகளை ஒரு வயசு ஆனதுமே, சிலரை அதற்கு முன்பே, பிரம்புக்குப் பயப்படப் பழக்கினார்களாம், அழுதாலும் மெதுவாக அழப் பழக்கினார்களாம். அதை நான் பேச்சில் விட்டுவிட்டேன். வீட்டுக்கு எடுத்துவந்தது அதைத்தான் போல. வியாழக்கிழமையை எடுத்துவரவில்லை.

என் பிள்ளைக்கு எந்தக் கிழமை இருந்தது? இருந்த ஒரு வியாழனும் அந்த வியாழன்.

மார்ச் 14, வெள்ளி

கட்டாரிலிருந்து அவர் பேசினார். வெள்ளிதானே லீவு. சொல்லவா வேண்டாமா என்று யோசித்துச் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நான் அங்க இருந்தா நானும் அடிச்சிருப்பேன் புள்ள" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

மார்ச் 17, திங்கள்

நான் குழந்தை பார்த்துக்கொள்கிற பிள்ளைமடுவத்தில் இன்று ஒன்பது குழந்தை. காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு முன்னால் கொண்டுவந்து விட்டுவிட்டு அம்மாக்கள் மலைக்கு ஓடுகிறார்கள். 1,350 ரூபாய் நாள் சம்பளத்துக்குக் கொழுந்து நிறுவையும் சரியாக வர வேண்டும். ஒரு குட்டி என் கன்னத்தைப் பிறாண்டி வைத்தது. சிரித்துக்கொண்டே கையைப் பிடித்துவிட்டேன். பன்னிரண்டு வருஷமாக இங்கே ஒரு பிள்ளையை நான் அதட்டியதுகூட இல்லை. ஊரார் பிள்ளைக்கு ஒரு கை, என் பிள்ளைக்கு ஒரு கையா.

மார்ச் 19, புதன்

ஆமென் இல்லை.

மார்ச் 20, வியாழன்

அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனேன். முப்பது வருஷம் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டின ஆள். இப்போது முட்டி மடங்குவதில்லை, வாசலில் உட்கார்ந்து எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே வெட்டின மலை ஒன்று மொட்டையாகக் கிடக்கிறது. ஒவ்வொரு செடியிலும் ஒரு கிளை மட்டும் இலையோடு தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும், சின்னப் பிள்ளையிலிருந்து பார்க்கிறேன், கேட்டதே இல்லை. இன்று கேட்டேன்.

"எல்லாத்தையும் வெட்டிட்டா செடி எதுலம்மா மூச்சு விடும்? கீழ புதுத் தளிர் வர்ற வரைக்கும் அது தாங்கணும்ல. வேருல சத்து இல்லாத செடியை வெட்டவே கூடாது, அப்படியே செத்துப்போகும். கத்தி ரொம்பத் தீட்டியிருக்கணும். மொக்கைக் கத்தி கிளையைப் பிளந்துரும்" என்றார்.

அவருக்கு அந்த வியாழக்கிழமை தெரியும். லயத்தில் யாருக்குத்தான் தெரியாது. தெரியாதது போலச் செடியைப் பற்றி மட்டும் பேசினார். நானும் செடியைப் பற்றியே கேட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

என் கத்தி மொக்கை.

மார்ச் 23, ஞாயிறு

நீதிமொழிகள் 13:24ஐப் போதகரிடம் நேராகவே கேட்டேன். "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்று எழுதியிருக்கிறதே, நான் வசனத்தின்படிதானே செய்தேன் என்று. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. 23ஆம் சங்கீதம் சொல்லுங்கள் என்றார். "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" வந்ததும் நிறுத்தினார். எபிரெயத்தில் அந்தக் கோலும் இந்தப் பிரம்பும் ஒரே சொல்லாம், ஷேவெத். மேய்ப்பன் ஆட்டை எண்ணி உள்ளே விடுவதும் அந்தக் கோலின் கீழேதான். "சிட்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகனைத் தேற்றிய கோலா அது என்று மட்டும் பாருங்கள்."

எத்தனை வருஷமாக இரண்டையும் மனப்பாடமாகச் சொல்கிறேன். தமிழில் இரண்டு சொல், அதனால் எனக்கு ஒன்று ஆறுதலுக்கு, ஒன்று அடிக்க.

பஸ் முழுக்கச் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகிற சனம். மஸ்கெலியாப் பக்கம் போகிற எதிலும் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே வந்தேன். நல்லதுதான், முகத்தை யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

இன்று ஆறு மணிக்கு அவனைக் கூப்பிட்டு அடுப்படியில் உட்காரவைத்தேன். தனியாக. என்ன பேசுவது என்று பகல் முழுக்க யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. ரொட்டி தட்டிக் கொடுத்தேன், கட்டச்சம்பல். மூன்று ரொட்டி சாப்பிட்டான். தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தான். "படிக்கணும்" என்று எழுந்துவிட்டான்.

மார்ச் 29, சனி

இதை எழுதாமல் தூங்க முடியாது.

மத்தியானம் உடுப்புக் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தேன். சின்னவள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பொம்மையைச் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறாள். கையில் ஈர்க்குச்சி. "ஏன் பொய் சொன்ன? ஏன் பொய் சொன்ன?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி. பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசிச் சொல்லை இழுத்து. என் குரல். ஆறு வயசுப் பிள்ளை வாயில் அப்படியே என் குரல்.

நான்கு அடித்துவிட்டு நிறுத்தினாள். எண்ணியிருக்கிறாள். அப்புறம் எழுந்து மூலைக்குப் போய் அரிசி கழுவுகிற மாதிரி கையை ஆட்டினாள்.

வீட்டில் உட்காரும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழுந்திருக்கும்போதும் பிள்ளைகளுக்குப் போதி என்று உபாகமம் 6இல் இருக்கிறது. நான் அதை பைபிள் வாசிக்கிறதைப் பற்றி என்றுதான் நினைத்திருந்தேன்.

நிலைக்கு மேலிருந்த கம்பை எடுத்து அடுப்பில் வைத்தேன். இது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. கொய்யா மரம் வாசலிலேயே நிற்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

சின்னவளுக்குக் காய்ச்சல், 102. பெரியவன் ரோடு வரைக்கும் முதுகில் தூக்கிக்கொண்டு வந்தான். ஆட்டோ வரும்வரை அவள் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே நின்றான்.

ஏப்ரல் 2, புதன்

காய்ச்சல் விட்டது. ஸ்தோத்திரம்.

ஏப்ரல் 3, வியாழன்

மன்னிப்புக் கேட்டேன். நீட்டவில்லை, காரணம் சொல்லவில்லை. "அன்னைக்கு உன்னைத் திருத்த அடிக்கல தம்பி. எனக்கு வெட்கமா இருந்துச்சு, அதுக்கு அடிச்சேன். அது தப்பு" என்றேன். பொய் சொன்னதற்கு உண்டானது தனி, அதற்கு ஆறு மாசம் காசுக் கணக்கு எல்லாம் என்னிடம் காட்ட வேண்டும் என்றும் சொன்னேன். தலையாட்டினான்.

அப்புறம் அவனாகவே, அடுப்பைப் பார்த்துக்கொண்டு: "கொழும்புக்குப் போறதுக்குச் சேத்தேன்." ஐந்தாம் நம்பர் லயத்துப் பையன் புறக்கோட்டையில் துணிக்கடையில் நிற்கிறானே, அவன் வரச் சொன்னானாம். சாப்பாடும் தங்க இடமும் கடையிலேயே. "அப்பா அனுப்புறது கடனுக்கே போகுதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

நான்தான் சொன்னேன். அம்மாயியிடம், வாசலில், எத்தனையோ தரம்.

பத்தாம் ஆண்டு படிக்கிற பிள்ளை. இந்தத் தோட்டத்திலிருந்து அப்படிப் போன எத்தனை பேரை எனக்குத் தெரியும், தீபாவளிக்கும் கிறிஸ்மசுக்கும் புதுச் சட்டையோடு வருவார்கள், பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினவன் ஒருவனும் இல்லை. வாய்வரை வந்ததை விழுங்கினேன். "இப்பவும் போகணுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியல" என்றான்.

ஏப்ரல் 4, வெள்ளி

தெரியல. தெரியல. இரவெல்லாம் அந்தச் சொல்தான். போகிறேன் என்று சொல்லவில்லையே.

ஏப்ரல் 6, ஞாயிறு

கொலோசெயர் 3:21 தற்செயலாகக் கண்ணில் பட்டது. "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்." திடனற்றுப்போகாதபடி. அடுத்த ஞாயிறு திடப்படுத்தல். திடனை எடுத்துவிட்டுத் திடப்படுத்தலுக்கு நில் என்று சொன்னால் பிள்ளை எதை வைத்து நிற்கும்?

பிதாக்களுக்கு எழுதியதுதான். பிதா கட்டாரில்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மழை. பீலிக்கரையில் கலங்கல் தண்ணி.

ஏப்ரல் 10, வியாழன்

ஜனவரியில் தைத்த வெள்ளைச் சட்டையை ட்ரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தேன். ஒளித்து வைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே பார்த்தான்.

"சின்னதாயிருக்கும்" என்றான்.

"கையை நீட்டு."

நீட்டினான். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு அங்குலம் வெளியே நிற்கிறது. மூன்று மாசத்தில். தழும்பு ஒன்றும் இல்லை, நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவனும் பார்த்தான், கையை எடுக்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

உள்மடிப்பைப் பிரித்துக் கையை இறக்கியாயிற்று. பழைய மடிப்புக் கோடு லேசாகத் தெரிகிறது, இஸ்திரி போட்டால் போய்விடும். கரண்ட் இல்லை. நாளை வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. பொத்தான் ஒன்று