வால்வு அம்ப்பின் கரகரப்பு: உவர்மலைக் குறிப்புகள்

ஜூலை 4, வெள்ளி

திருகோணமலை உப்புவெளி ஹோட்டல் ஒன்றில் கிற்றார் வாசிக்கிற தம்பி, பின்னேரம் தன் வால்வு அம்ப்பை (வால்வுகளால் கிற்றார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கனடாவிலிருந்து பெரியப்பா அனுப்பியதாம். 120 வோல்ற்றுக்குச் செய்தது என்பதால் வோல்ற்றைக் குறைக்கிற ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபோமரும் கூடவே வந்தது.

"அண்ணை, வொலியூமைத் தொட்டாலே கரகரவெண்டு கத்துது. முதல் ஒரு கடையில ஸ்பிரே அடிச்சவை. கொஞ்ச நாள் நல்லா இருந்தது, திரும்பவும் வந்திட்டுது."

உள்ளே இருப்பது 1963இல் ஃபெண்டர் கம்பனி கொண்டுவந்த ஏபி763 வகைச் சுற்று. பொட்டுகளுக்குள் (குமிழைத் திருகினால் அளவு மாறுகிற ரெசிஸ்டர்கள்) பூட்டுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரே தூசியோடு சேர்ந்து களியாகக் கிடக்கிறது. இதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. அந்த எண்ணெய் பொட்டின் மசகைக் கரைத்துவிட்டுப் பிறகு தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஜூலை 5, சனி

தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வருகிறது. கடலின் உப்பும் சேர்ந்துகொள்ளும். அதனால் இந்த ஊரில் குமிழ் கரகரத்தால் எல்லோரும் அழுக்கு என்றுதான் சொல்வார்கள், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். எதிரொலி சேர்க்கிற ரிவேர்ப் குமிழ் அப்படித்தான்: ஓர் இடத்தில் மட்டும் கரகரப்பு. மசகு கலந்த கொன்டாக்ட் கிளீனர் அடித்து, முழுதாக முன்னும் பின்னும் திருகத் திருகப் போய்விட்டது.

வொலியூமும் ட்ரெபிளும் (உயர்ந்த ஒலிக்கான குமிழ்) வேறு கதை. தொடக்கத்திலிருந்து கடைசிவரை கரகரப்பு, சுத்தம் செய்தும் மாறவில்லை. இப்படி இருந்தால் பொட்டுக்கு டிசி (ஒரே திசையில் ஓடும் மின்) வருகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே நகரும் தொடுமுனை கரித்தடத்தை விட்டு இம்மியளவு எழும்பினாலும், அங்கே டிசி நின்றால் வோல்ற்றேஜ் குதிக்கும். அந்தக் குதிப்பைத்தான் அடுத்த வால்வு பெருக்கித் தருகிறது.

ஜூலை 6, ஞாயிறு

மல்ரிமீற்றரின் கறுப்பு வயரைச் சேசிஸில் (அம்ப்பின் உலோகச் சட்டகம்) கிளிப் போட்டு, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு அளந்தேன். உள்ளே 400 வோல்ற்றுக்கு மேல் ஓடுகிறது, இரண்டு கையும் போடக் கூடாது. கிற்றார் செருகாமல் வொலியூம் பொட்டில் சைபர் வர வேண்டும், சில மில்லிவோல்ற் பரவாயில்லை. வந்தது 1.3 வோல்ற்.

அடுத்த வால்வின் கிரிட்டிலிருந்தும் (ஒலி உள்ளே போகும் முனை) இது வரலாம். அந்தச் சனலின் (ஒலிப்பாதையின்) 12ஏஎக்ஸ்7 வால்வைக் கழற்றிவிட்டுத் திரும்ப அளந்தேன். 2 வோல்ற்றைத் தாண்டியது! வால்வு இல்லாதபோது மின்னோட்டம் நின்று, பிளேட் முனைக்கு (வால்விலிருந்து ஒலி வெளியே வரும் முனை) சப்ளை முழுவதும் வந்துவிடும். ஆகவே கசிவு பிளேட் பக்கமிருந்துதான்.

பிறகு வால்வைப் போட்டு, தாழ்ந்த ஒலிக்கான பேஸ் குமிழைக் குறைத்துக்கொண்டே போனேன். அளவும் கூடவே இறங்கி, பூச்சியத்தில் சில பத்து மில்லிவோல்ற்றுக்கு வந்தது. எனக்குச் சரியான சந்தோஷம். இந்தச் சுற்றில் பேஸ் பொட் ட்ரெபிளின் கீழ்முனையிலிருந்து நிலத்துக்கு, அதாவது ஏர்த்துக்கு, போகும் பாதை. அதன் மேல்முனைக்குப் பிளேட் பக்கமிருந்து வருவது, டிசியைத் தடுத்து ஒலியை மட்டும் விட வேண்டிய 0.1 மைக்ரோபரட் கொன்டென்சர். அதுதான் கசிகிறது. ட்ரெபிள் வழியாக அதே டிசி வொலியூமுக்கும் போகிறது. பாவம், பொட்டுகளில் ஒரு குற்றமும் இல்லை.

ஜூலை 9, புதன்

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து 0.1 மைக்ரோபரட், 630 வோல்ற் பொலிப்ரொப்பிலீன் கொன்டென்சர் இரவு பஸ்ஸில் வந்தது. வோல்ற் குறைந்ததை வாங்கக் கூடாது. வேலைக்கு முன் பிளக்கைக் கழற்றி, மின்னைச் சேர்த்து வைத்திருக்கும் ஃபில்டர் கொன்டென்சர்களை 100 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீற்றரில் சைபர் வந்ததைப் பார்த்த பிறகுதான் ஈயம் பற்றவைக்கிற அயனைச் சூடாக்கினேன். நிறுத்தி வைத்த அம்ப்பும் அடிக்கும்.

மாற்றிய பின் வொலியூமில் 2 மில்லிவோல்ற். குமிழைத் திருகினால் சத்தமே இல்லை.

தம்பியின் கூட்டாளி போனில், தன் பழைய மார்ஷல் அம்ப்பின் பிரசென்ஸ் குமிழும் (உயர்ந்த ஒலியைக் கூர்மையாக்குவது) இப்படித்தான் என்றார். அந்தக் காலத்து மார்ஷல்கள் பலவற்றில் பிரசென்ஸ் பொட் வழியாக டிசி போவது வடிவமைப்பிலேயே உள்ளது. கொஞ்சம் கரகரப்பு இயல்பு, அதற்காகக் கொன்டென்சர்களைப் பிடுங்க வேண்டாம் என்றேன்.

ஜூலை 12, சனி

ட்ரெபிளில் மட்டும் 7க்குப் பக்கத்தில் சிறு உரசல் மிச்சம். அந்த இடத்தில் கரித்தடம் தேய்ந்திருக்கிறது, எந்தக் கிளீனரும் அதை மீட்காது. 250 கிலோஓம் ஓடியோ டேப்பர் (காது உணர்வதற்கு ஏற்றபடி அளவு மாறும் வகை) பொட் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். பழைய குமிழ் ஏறும்படி தண்டின் அளவையும் எழுதி அனுப்பினேன். அதுவரை தம்பி அம்ப்பைக் கொண்டுபோய் வாசிக்கட்டும்.