சர்க்கரை கலந்த பார்மலின்

ஊட்டி ஏரிக்கு வந்து சேரும் ஓடைகளில் மாதம் இருமுறை தண்ணீர் எடுப்பதுதான் நான் பார்த்த முதல் வேலை. காலை ஆறரைக்கு மேட்டிலிருந்து தொடங்குவோம். ஐஸ் பெட்டி, பத்து லிட்டர் வாளி, மிதவையுயிரிகளைப் பிடிக்கும், 64 மைக்ரான் கண்ணுள்ள பிளாங்டன் வலை. பத்து வாளி மொண்டு வலையில் ஊற்றினால் 100 லிட்டர். அத்தனையும் வடிந்தபின் வலையின் அடிக்குப்பியில் அரை டம்ளர் கலங்கல் மிஞ்சும். நாங்கள் தேடிப்போகும் உயிர்கள் அதற்குள்தான் இருக்கும்.

நான் வேதியியல் படித்தவன். தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொள்ள எண்கள் போதும் என்று நம்பினேன். கரைந்த ஆக்சிஜனை அளக்க, கரையிலேயே பாட்டிலில் மாங்கனஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விடுவோம். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும், இல்லையென்றால் வெள்ளையாகவே படியும். மேட்டு ஓடையில் நல்ல பழுப்பு. ஊருக்குள் புகுந்து வரும் கோடப்பமந்து கால்வாயில் இறங்க இறங்க நிறம் வெளிறிக்கொண்டே போகும். வெள்ளைப் படிவை முதல்முறை பார்த்த அன்று பாட்டிலைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். 1823-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஏரியை வெட்டத் தொடங்கியபோது இந்த நீர் எப்படி இருந்திருக்கும் என்றுதான் மனம் ஓடியது. இன்றைய பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் அன்று ஏரிக்குள் இருந்த இடங்கள். ஏரி சுருங்கியது, வந்து சேரும் கழிவோ பெருகியது.

எண்ணைப் படிக்கவும் பழக வேண்டியிருந்தது. 15 டிகிரி நீர் கடல் மட்டத்தில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 2,240 மீட்டர் உயரத்தில், காற்றழுத்தம் குறைந்த ஊட்டியில், அது 8-ஐக்கூட எட்டாது. இதை மறந்து, நல்ல ஓடை ஒன்றைக் கெட்டுவிட்டதாக என் முதல் அறிக்கையில் எழுதிவிட்டேன். எங்கள் வேலையை மேற்பார்த்த மேடம் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இது ஊட்டிப்பா. இந்தத் தண்ணி இதுக்குமேல எங்கிருந்து பிடிச்சு வைக்கும்?"

உயிரிகளைப் படிக்கக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். ஓடும் நீரில் மிதவையுயிரிகள் அதிகம் நிலைத்துப் பெருகுவதில்லை. பெருகுவதற்குள் நீர் இழுத்துப்போய்விடும். வலையில் விழுபவை தேங்கிய மடுக்களிலிருந்தும் பாசியிலிருந்தும் அடித்துவரப்பட்டவை. மேட்டு ஓடையில் எண்ணிக்கை குறைவு, வகைகள் அதிகம். பாசியோரம் வாழும் அலோனா, கைடோரஸ் போன்ற நீர்த்தெள்ளுகள், அதாவது ஓடு போர்த்திய நுண்ணிய உயிர்கள், கிடைக்கும். கால்வாய் ஏரியில் கலக்கும் முகத்தில் இதற்கு நேர்மாறு. பிராக்கியோனஸ் என்ற சக்கர உயிரி கூட்டம் கூட்டமாக வரும், நடுநடுவே சைக்ளாப்ஸ் என்ற ஒற்றைக்கண் நுண்ணுயிர். வகை சுருங்கிக் கூட்டம் பெருத்தால் அந்த நீரில் சத்து மிதமிஞ்சிவிட்டது என்று பொருள். மே மாத சீசனில், ஓடையில் நீர் வற்றி ஊரில் ஜனம் நிரம்பும்போது, எண்ணி முடிக்கவே மதியம் தாண்டிவிடும்.

என்னை மாற்றியது ஒரு சின்னக் கிளை ஓடை. குடியிருப்புக்குப் பின்னால் ஓடுவது. காலையில் போனால் நீர் தெளிவு, ஆக்சிஜன் சரி, அம்மோனியாவும் குறைவு. ஆனால் அடுத்தடுத்து மூன்று முறை வலையில் ஒரு நீர்த்தெள்ளுகூட இல்லை. அட்டைபோல நீண்டு சுருங்கி ஊரும் சக்கர உயிரிகள் மட்டும் இருந்தன. இவற்றை உயிரோடுதான் பார்க்க வேண்டும், சாம்பிளைக் கெடாமல் வைக்க ஊற்றும் பார்மலின் பட்டால் உருண்டையாகச் சுருண்டு அடையாளமே தெரியாது. சாக்கடை நீரிலும் தாக்குப்பிடிக்கும் இனம். எண்கள் நல்லது என்கின்றன, உயிர்கள் இல்லை என்கின்றன. வலை கிழிந்திருக்குமோ என்று வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தேன்.

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர்தான் சொன்னார். "நீங்க காலைல வர்றீங்க தம்பி. ராத்திரி பதினொரு மணிக்கு வந்து பாருங்க. மூக்கைப் பொத்தாம நிக்க முடியாது."

போனோம். புதருக்குள் மறைந்திருந்த ஒரு குழாய் திறந்துகிடந்தது. டார்ச் வெளிச்சத்தில் மருந்து விட்டேன். வெள்ளை.

பாட்டில் நீருக்குத் தெரிந்தது அந்த நிமிடம் மட்டும். நீர்த்தெள்ளு பிறந்து வளர்ந்து முட்டை சுமக்க ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஆகும். அத்தனை இரவும் அத்தனை பகலும் நீர் அதற்கு ஒத்துவர வேண்டும். ஒரே ஒரு கெட்ட இரவு போதும், அது காணாமல் போய்விடும். எந்த ஓடைக்குப் போனாலும் ஆக்சிஜனை அளக்கும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டுக்கு முன்னால் வலையை எடுக்க ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

குழாய் அடைபட்டது, புகாருக்குமேல் புகார் கொடுத்தபின். அதன் பிறகும் பல மாதம் வலை வெறுமையாகத்தான் வந்தது. இதற்கிடையில் ஆய்வகத்து அண்ணன் என் பாட்டில்களைப் பார்த்துவிட்டு, "வெறும் பார்மலினா ஊத்துற? சர்க்கரை போடுப்பா," என்றார். வெறும் பார்மலினில் தெள்ளுகளின் ஓடு உப்பிப் பிளந்து, முதுகுப் பையிலிருக்கும் முட்டைகள் வெளியே சிந்திவிடும். எது யாருடைய முட்டை என்று பிறகு சொல்லவே முடியாது. சர்க்கரை கலந்தால் ஓடு குலையாது, முட்டை உள்ளேயே நிற்கும். அன்றிலிருந்து எங்கள் பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலமும் இருந்தது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஒரு வாரத்தில் அந்தக் கிளை ஓடையின் சாம்பிளைத் தட்டில் விட்டேன். ஐந்து சென்டிமீட்டர் நீளம், இரண்டு சென்டிமீட்டர் அகலம், ஒரு மில்லிமீட்டர் ஆழம், மொத்தம் ஒரு மில்லிலிட்டர் பிடிக்கும் எண்ணும் தட்டு. இடமிருந்து வலமாக வரிவரியாக நகர்த்திக்கொண்டே வந்தேன். கடைசி வரிக்கு முந்தைய வரியில், மணல் துகளை ஒட்டி, மஞ்சளாக, கண்ணாடிபோல ஓடு. கறுத்த கண்புள்ளி. முதுகுப் பைக்குள் கலையாமல் இரண்டு உருண்டைகள்.

நோட்டில் எழுதினேன்: அலோனா 1, முட்டை 2.