விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு: கோப்புப் பாதைகள் உடையும் இடங்கள்

இணையதளங்களை எழுத உதவும் பிஎச்பி மொழியில், விண்டோஸ் கணினியில் எழுதிச் சோதித்த நிரலை லினக்ஸ் வழங்கிக்கு (சர்வர்) ஏற்றும்போது பலரும் முதலில் அஞ்சுவது சாய்கோட்டின் திசையைத்தான். 1983-இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ் 2.0 கோப்புறைகளைக் கொண்டுவந்தபோது, முன்சாய்கோடு (/) கட்டளைகளின் விருப்பங்களைக் குறிக்க ஏற்கெனவே பயன்பட்டு வந்ததால், பாதையைப் பிரிக்கப் பின்சாய்கோட்டை (\) எடுத்துக்கொண்டார்கள். அந்த வேறுபாடு இன்றும் தொடர்கிறது. ஆனால் விண்டோஸில் இயங்கும் பிஎச்பி முன்சாய்கோட்டையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால், எங்கும் அதையே எழுதினால் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒரு கோப்பின் முழுப் பாதையைத் தரும் ரியல்பாத் (realpath) என்ற பிஎச்பி சார்பு விண்டோஸில் பின்சாய்கோட்டுடன் விடை தருவதால், அதை வேறொரு பாதையோடு ஒப்பிடும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்.

தளத்தை உண்மையில் முடக்குவது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடே. விண்டோஸ் பெயரை நாம் கொடுத்தபடியே சேமித்தாலும், தேடும்போது இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளுக்கோ அவை இரண்டு தனித்தனிப் பெயர்கள். வகுப்பின் பெயரைக் கொண்டே கோப்பைத் தேடும் பிஎஸ்ஆர்-4 முறையில் எழுதப்பட்ட நிரலில், கோப்புப் பெயரின் ஓர் எழுத்து பிசகியிருந்தால், உள்ளூரில் ஒழுங்காக ஓடியது வழங்கியில் ‘வகுப்பு கிடைக்கவில்லை’ என்று நின்றுவிடும். அப்போது பெயரைத் திருத்தினாலும், நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git) கருவி விண்டோஸில் பொதுவாக எழுத்து வேறுபாட்டைப் புறக்கணிக்கும் அமைப்போடு இருப்பதால், அந்த மாற்றத்தைக் கவனிக்காமலே விட்டுவிடலாம். கிட்டின் சொந்தப் பெயர்மாற்றக் கட்டளையைக் கொண்டு மாற்றுவதே பாதுகாப்பானது. 2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, குறிப்பிட்ட ஒரு கோப்புறையை மட்டும் லினக்ஸைப் போல எழுத்து வேறுபாடு பார்க்கும்படி அமைக்க முடிகிறது. இந்த வசதியை இன்னும் பலர் அறியாதிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. பிழை பயனரின் கண்ணில் படுமுன் நம் மேசையிலேயே பிடிபட இது உதவும்.

அடுத்தது, பாதை எங்கிருந்து தொடங்குகிறது என்பது. இரு புள்ளிகளில் தொடங்கும் சார்புப் பாதையைப் பிஎச்பி அப்போதைய பணிக் கோப்புறையிலிருந்து கணக்கிடுகிறது. அதை எழுதிய கோப்பு இருக்கும் இடத்திலிருந்து அன்று. அதனால் உலாவியில் சரியாக இயங்கும் நிரல், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக இயக்கும் கிரான் வழியாக இயக்கப்படும்போது கோப்பைக் காணாமல் தடுமாறும். 2009-இல் வந்த பிஎச்பி 5.3 முதல், நடப்புக் கோப்பின் கோப்புறையைத் தரும் டிர் (__DIR__) மாறிலி இருக்கிறது. அதைக் கொண்டு தளத்தின் வேரை ஒரே இடத்தில் வரையறுத்து, மற்றப் பாதைகளை அதிலிருந்தே அமைக்க வேண்டும். ‘சி’ இயக்ககத்தில் தொடங்கும் முழுப் பாதை எதுவும் நிரலுக்குள் இருக்கவே கூடாது.

பயனர்கள் தமிழ்ப் பெயருள்ள கோப்புகளை ஏற்றும் தளமானால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ‘கொ’ என்பதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாகப் பிரித்தும் எழுதலாம். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை அதைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் வந்த பைட்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளும். இதனால் திரையில் ஒன்றுபோலத் தெரியும் இரு பெயர்கள் வழங்கியில் வெவ்வேறாகிவிடுகின்றன. பிஎச்பியின் நார்மலைசர் வகுப்பைக் கொண்டு, சேமிக்கும் முன்பே பெயரை ஒருங்கிணைந்த வடிவுக்கு மாற்றிவிடுவதையே நான் பரிந்துரைக்கிறேன்.