ஏழாம் இலக்கம்

2 பெப்ரவரி 2025, ஞாயிறு

காலைக் கூடைப்பந்துப் பயிற்சி முடிந்து பெடியன்கள் குழாயடியில் நின்றார்கள். பதினொரு மணியிருக்கும். எங்கள் பொயின்ட் கார்ட், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன், ஃபோனோடு ஓடி வந்தான். "சேர், லூக்காவைக் குடுத்திட்டாங்கள்!"

யாரோ கணக்கைத் திருடிப் பொய்ச் செய்தி போட்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். உண்மைதான். போன ஜூனில் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் டலஸ் மவெரிக்ஸ் அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோன லூக்கா டொன்சிச்சுக்கு வயது 25. அவனை லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்து அன்தனி டேவிஸ், மெக்ஸ் கிறிஸ்டி என்ற இரண்டு வீரர்களையும், 2029இல் புதுவீரன் ஒருவனை முதல் சுற்றில் தெரிவுசெய்யும் உரிமையையும் வாங்கியிருக்கிறார்கள். கேட்டுச் செய்ததல்ல, செய்துவிட்டுச் சொன்னது.

"அவர் சைன் வைக்காம எப்பிடி சேர்?"

அங்கே கைமாறுவது ஒப்பந்தம். ஆள் அதன் பின்னால் பெட்டியோடு போகவேண்டியதுதான் என்றேன். பெடியன் நம்பவில்லை.

4 பெப்ரவரி

சுதந்திர தின லீவு. கல்லடிப் பாலத்தடியில் மூன்று பேரைக் குந்தவைத்துப் பாடம் எடுத்தேன். என்.பி.ஏ.யில் அணிகளின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. அதனால் கொடுக்கிற சம்பளமும் வாங்குகிற சம்பளமும் ஏறத்தாழப் பொருந்தவேண்டும். சில நேரம் ஆட்டமே தேவையில்லாத ஒருவனையும் கணக்குச் சரிக்கட்டச் சேர்த்து அனுப்புவார்கள். 'என்னை மாற்றக்கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்க, லீக்கில் 8 வருடமும் அதே அணியில் 4 வருடமும் ஆடியிருக்கவேண்டும். அப்படிக் கேட்டு வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

லூக்காவுக்கு இதில் காசும் போனது. டலஸில் இருந்திருந்தால் இந்தக் கோடையில் ஐந்து வருடத்துக்குச் சுமார் 345 மில்லியன் டொலர் வரை கேட்கலாம். தன்னை வளர்த்த அணியோடு மட்டும்தான் அந்த ஒப்பந்தம் போடமுடியும். அணி அவனை அனுப்பியதும் அந்தத் தகுதியும் போச்சு. நின்றவனுக்குக் கொடுக்கிற பரிசு அது. ஆனால் நிற்பதும் போவதும் அவன் கையில் இல்லை. இது எனக்கு எத்தனை முறை யோசித்தாலும் விளங்காத நியாயம்.

7 பெப்ரவரி

நம்முடைய நேரம் அதிகாலை ஒன்றரைக்கு என்.பி.ஏ.யில் வீரர் மாற்றங்களுக்கான கெடு முடிந்தது. விழித்திருந்தேன், மனுசியிடம் ஏச்சும் வாங்கினேன். 2019இல் ஹரிசன் பார்ன்ஸ் ஆடிக்கொண்டிருந்த மெச்சுக்கு நடுவிலேயே அவரைக் கொடுத்த செய்தி வந்ததே, அதுவும் டலஸ்தான். மனிதர் போகாமல் வாங்கில் இருந்து கூட்டாளிகளுக்குக் கைதட்டினார்.

எனக்கும் ஒரு கதை உண்டு. முழங்கால் போன வருடம், பத்து வருடம் ஆடிய கழகம் என்னை நீக்கியதை அறிவித்தல் பலகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு முந்தின வருடம் கொழும்பிலிருந்து வந்த அழைப்பை, "ஊர்ப் பிள்ளை ஊரை விட்டுப் போறதா" என்று அதே ஆட்கள் சொன்னதற்காகத்தான் விட்டேன்.

9 மார்ச்

பொயின்ட் கார்ட் பயிற்சிக்குப் பிறகும் போகாமல் நின்றான். வார்த்தை வரவில்லை. கொழும்பில் ஒரு கம்பனி அணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம், வேலையும் உண்டாம். தகப்பனுக்குக் கடல்தொழில். வள்ளத்து எஞ்சின் கடன் இன்னும் முடியவில்லை.

என் வாயில் முதலில் வந்தது "ஜூனில் போட்டி இருக்கே" என்பதுதான். "மூணு வருசமா உனக்கு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். அவன் கோர்ட்டின் சீமெந்து வெடிப்பைச் சப்பாத்து நுனியால் தோண்டிக்கொண்டிருந்தான். இடது சப்பாத்தின் அடி விரியாமல் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது.

10 மார்ச்

நித்திரையில்லை. அந்த "மூணு வருசமா" என்னுடைய சொல்லே இல்லை, எனக்குச் சொல்லப்பட்ட சொல். 2016இல் ஒக்லஹோமா அணியின் கெவின் டுரான்ட் ஒப்பந்தம் முடிந்து ஒழுங்காகப் போனபோது அங்கே ரசிகர்கள் அவருடைய ஜேர்சியைக் கொளுத்தினார்கள். அணி ஒருவனைத் தள்ளினால் அதற்குப் பெயர் வியாபாரம். அவனாகப் போனால் துரோகம். நேற்று நான் எந்தப் பக்கம் நின்றேன் என்று எனக்குத் தெரியும்.

இந்த ஆட்டத்தை மட்டக்களப்பில் வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்க யேசு சபைச் சுவாமிமார். ஹேபர்ட் சுவாமி லூசியானாவிலிருந்து வந்து, இங்கே பெடியன்களைப் பழக்கி, இங்கேயே இருந்துவிட்டார். 1990 ஆகஸ்ட் 15 வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் வந்துசேரவேயில்லை. இந்த ஊரிலேயே இருக்கச்சொல்லி அவரை யாரும் 'நில்லுங்கோ' என்று கேட்டு நிறுத்தவில்லை.

பின்னேரம் அவன் வீட்டுக்குப் போய், போ என்றேன். தாய் பிளேன்ரீ தந்தாள். சீனி கூட.

10 ஏப்ரல்

விடியப்புறம் பார்த்தேன். லூக்கா முதல் தடவையாக டலஸுக்குத் திரும்பினான், லேக்கர்ஸ் உடுப்போடு. பழைய காட்சிகளைத் திரையில் போட்டதும் துவாயால் கண்ணைத் துடைத்தான். பிறகு 45 புள்ளி எடுத்தான். எதிரணிக்காரன் அடிக்க அடிக்க டலஸ் சனம் எழும்பிக் கத்தியது. இதே அணியில்தான் டெர்க் நோவிட்ஸ்கி 21 பருவம் ஆடினார்.

27 ஏப்ரல்

நேற்று இரவு பஸ்ஸுக்கு முதல் பொயின்ட் கார்ட் வந்தான். ஷொப்பிங் பையில் ஏழாம் இலக்க ஜேர்சி, கழுவி மினுக்கி மடித்திருந்தது. இலக்கத்தின் கால் கொஞ்சம் உரிந்திருந்ததைத் தாய் வெள்ளை நூலால் தைத்திருக்கிறாள்.

"வச்சுக்கொள் மகன்" என்றேன்.

"இல்ல சேர், சின்னவங்களுக்குப் பத்தாது."

உண்மைதான், எங்களிடம் பத்து ஜேர்சிதான் இருக்கிறது. இன்று காலையில் அதை ஒன்பதாம் வகுப்புப் பெடியன் ஒருவன் போட்டான். முழங்கால்வரை தொங்கியது. தோளில் இரண்டு பக்கமும் ஊசி குத்தி விட்டேன்.