விறகு ஏற்ற எந்த மெசின்? ஆலை முற்றத்தில் கற்றது

அக்கரைப்பற்றுப் பக்கத்து ஆலையொன்றில் பொயிலருக்கு உமியோடு சீமைக்கிளுவை மரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிய சிப்ஸும் எரிக்கத் தொடங்கியபோது, எல்லோரும் கேட்டது 'மெசின் எத்தனை தொன் தூக்கும்?' என்றுதான். அந்தக் கேள்வியே பிழை. சிப்ஸ் பாரமில்லை, இடத்தைத்தான் பிடிக்கும். ஒரு கன மீற்றர் மணல் ஏறக்குறைய 1,600 கிலோ. அதே அளவு பச்சைச் சிப்ஸ் 300, 350 கிலோதான்.

மூன்று கியூப் டிப்பர் சுமார் 8.5 கன மீற்றர். முன்னால் அள்ளி பின்னால் தோண்டும் பெக்கோவின் முன்பக்கற் 1 கன மீற்றர் என்றால் ஒன்பது தரம் அள்ள வேண்டும். பாப்கேட் என்ற சின்ன லோடரின் 0.4 கன மீற்றர் மண் பக்கற்றால் இருபத்திரண்டு தரம். அதே பாப்கேட்டுக்கு 0.8 அகலப் பக்கற் மாட்டினால் பதினொன்று. அந்தப் பக்கற் நிறையச் சிப்ஸ் 280 கிலோதான், அதற்கு ஒரு பாரமே அல்ல. ஆனால் கொட்டும் உயரம் 2.3 மீற்றர் அளவுதான். பக்கப்பலகை உயர்த்திய டிப்பருக்கு எட்டாது, வாங்குமுன் நாடா பிடித்து அளந்துவிடுங்கள்.

உழவு இயந்திரத்தில் முன்லோடர் பூட்டுவது மலிவு. பின்னால் எதிர்ப்பாரம் தொங்கவிடாமல் ஓட்டினால் முன் அச்சும் பெயரிங்கும் சீக்கிரம் போய்விடும். மூன்றடிக் கட்டைகளுக்கோ பக்கற்றே சரிவராது. பாதி வழியில் உருண்டு விழும். பிடிக்கும் கொடுக்குத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும் விட நட்டம் தருவது மணல். எங்கள் கரையோர நிலத்தில் குவியலின் அடியைச் சுரண்டினால் சிப்ஸோடு இரண்டு விரற்கடை மணலும் ஏறும். அது பொயிலர்த் தட்டில் விறகுச் சாம்பலோடு உருகி, கறுத்த கண்ணாடிக் கட்டியாய் ஒட்டிக்கொள்ளும். காற்றுத் துளைகள் அடைபடும், நெருப்பு ஒரு பக்கம் செத்துவிடும். கம்பியால் இடித்தெடுக்கவே அரை நாள் போகும். பாப்கேட் நின்ற இடத்திலேயே திரும்புவதால் மணலை இன்னும் கிண்டும். ஆகவே மெசினுக்கு முன் கொங்கிறீட் தளம் போடுங்கள். காசு பத்தாவிட்டால் அடியில் ஓர் அடிச் சிப்ஸைத் தொடாமல் விடுங்கள்.

மெசினின் ரேடியேற்றரை நாளுக்கு இரண்டு தரம் காற்றடித்துத் துப்புரவாக்க வேண்டும். எஞ்சின் பக்கம் தேங்கும் மரத்தூள் தீப்பிடிக்கும்.

மாரிக்கு முன் குவியலைக் கூரைக்குள் எடுங்கள். 20 வீத ஈரத்தில் கிலோவுக்கு 14 மெகாஜூல் தரும் விறகு, 50 வீதத்தில் 8 தான் தரும். படங்கால் இறுக மூடினாலும் பச்சைச் சிப்ஸ் உள்ளே வெந்து சூடாகும். மூன்று மீற்றருக்கு மேல் குவிக்காதீர்கள்.